ஈரமும் வறட்சியும்: டைல்ஸ் அறுக்கும் ரம்பத்தின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

சென்ற ஆண்டு என் மாமா மகன் ஒரு மிஷின் வாங்கினான். டைல்ஸ் அறுக்கிற மிஷின். இருபது வருஷமாக அவன் கையில் பிடித்திருந்த மார்பிள் கட்டர் மாதிரி இல்லை இது. கால் வைத்த ஒரு தகரத் தொட்டி, தொட்டியில் தண்ணீர், தண்ணீருக்குள் மீன்தொட்டியில் போடுவார்களே, அந்த அளவில் ஒரு பம்ப், அதிலிருந்து ஒரு டியூப் மேலேறிப் பிளேடின்மேல் தண்ணீரை விடுகிறது. மோட்டாரும் பிளேடும் நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரம் வைத்த மேசையில் டைல்ஸை வைத்து நாம்தான் தள்ள வேண்டும். 'மச்சான், ஒருநாள் சைட்டுக்கு வாங்க. தூசியே இல்ல. வெள்ளச் சட்ட போட்டுட்டு அறுக்கலாம்' என்றான். போனேன். அவன் சொன்னதில் பாதிதான் உண்மை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மதுரைக்கு வெளியே கட்டி முடியப்போகும் ஒரு வீடு. குளியலறைச் சுவருக்கு வேண்டிய ஒரு துண்டை என்னையே அறுக்கச் சொன்னான். ஸ்விட்சைப் போட்டதும் டைல்ஸைப் பிளேடிடம் கொண்டுபோனேன். 'இருங்க, தண்ணி வரட்டும்' என்று கையைப் பிடித்துக்கொண்டான். டியூபில் இருந்த காற்று வெளியேறி, பிளேடின் இரண்டு முகத்திலும் தண்ணீர் படர்ந்து, விசிறி மாதிரித் தெறிக்க ஆரம்பித்தபிறகுதான் தொட வேண்டுமாம். பளபளப்பு முகம் மேலே. அழுத்தித் தள்ளக்கூடாது, கூடவே போக வேண்டும். சத்தம் கனத்தால் கை அவசரப்படுகிறது என்று அர்த்தம். கடைசி ஓர் அங்குலத்தில் துண்டு தன் எடைக்கே ஒடிந்து மூலை தெறித்துவிடும். அங்கே இன்னும் மெதுவாக, இரண்டு பாதியையும் தாங்கிப் பிடித்தபடி. நான் பென்சிலில் போட்டிருந்த கோடு முதல் நிமிஷத்திலேயே கழுவிக்கொண்டு போய்விட்டது. 'அதுக்கு மெழுகுக் கிரேயான் வேணும், பிள்ளைங்களோடத எடுத்து வச்சிருக்கேன்' என்றான். அறுபட்ட விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. காற்றிலும் ஒன்றும் இல்லை, நனைந்த கல்லின் வாசனை மட்டும்.

அந்த வாசனை எனக்குப் பழக்கமானது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பள்ளிக்கூட விடுமுறைகளில் மாமாவிடம் கையாளாகப் போனேன். அந்த நாட்களின் வாசனை அது. வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் வீட்டுக் கதையில் ஆரம்பிப்பதை நண்பர்கள் சந்தேகத்தோடு பார்க்கக்கூடும். எனக்கு வேறு வாசல் இல்லை.

மாமா மொசைக் வேலைக்காரர். சிமெண்டும் மார்பிள் சில்லும் கலந்து தரையில் போட்டு, இறுகியபின் தேய்கல் பூட்டிய மிஷினால் தேய்ப்பார்கள். அதைத் தண்ணீர் இல்லாமல் செய்ய முடியாது. தேய்கல் சூடேறும், பொடி அடைத்து வழுக்கும். என் வேலை மிஷினுக்கு முன்னால் மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னோக்கி நகர்வது. சாம்பல் நிறக் கூழ் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். சித்தாள் பெண்கள் அதை முறத்தால் வழித்துச் சட்டியில் அள்ளி வெளியே கொட்டுவார்கள். சிமெண்டுத் தண்ணீர் விரலிடுக்கெல்லாம் புண்ணாக்கும். ராத்திரி மாமா காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டுக்கொள்வார். அந்தக் காலத்துத் தரை வேலைக்காரனின் தொழிலை அவன் காலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மார்பை ஊடுருவிப் பார்க்கவேண்டிய தேவை வரவில்லை.

தொண்ணூறுகளில் மொசைக் போச்சு. போட்டு, ஆற விட்டு, மூன்று தடவை தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டைல்ஸ் என்றால் ஓர் அறைக்கு ஒருநாள், இரண்டு நாள். முதலில் குளியலறைச் சுவருக்கு வெள்ளைக் கிளேஸ் டைல்ஸ், பிறகு குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக விட்ரிஃபைடு. மாமாவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. புதுத் தொழிலை மகன் வயதுப் பையன்களிடம் கற்றுக்கொண்டார். அப்போதுதான் மார்பிள் கட்டர் அவர் கைக்கு வந்தது. 110 மில்லிமீட்டர் பிளேடு, நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல். வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஆனால் வறட்டு வெட்டு. ஒரு துண்டு அறுத்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. வாயில் துண்டைச் சுற்றிக்கொள்வார். சாயங்காலம் இமையும் மீசையும் நரைத்துப்போய் வீட்டுக்கு வருவார். அத்தை சிரிப்பாள், 'கிழவன் வந்துட்டாரு பாரு' என்று. நாங்களும் சிரித்திருக்கிறோம்.

இங்கே ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. ஒன்று, வேலை ஈரத்திலிருந்து வறட்சிக்கு நகர்ந்தது. மற்றது, பொடியே மாறியது. மார்பிள் பெரும்பாலும் சுண்ணாம்பு இனம், அதில் குவார்ட்ஸ் குறைவு. விட்ரிஃபைடு டைல்ஸ் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்து அழுத்திச் சுட்டது. குவார்ட்ஸ் என்பது படிக சிலிகா. அதன் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள் நுரையீரலின் கடைசி அறைவரை போய்விடுகிறது. உடம்பு அதைக் கரைக்க முடியாமல் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பு கட்டிய இடம் மூச்சு வாங்காது. 'மார்பிள் கட்டர்' என்ற பெயரோடு வந்த மிஷின் அறுத்தது மார்பிளை அல்ல. பெயர்கள் இப்படித்தான் சில விஷயங்களைப் பேசாமல் விட்டுவிடுகின்றன.

தண்ணீர் ஊற்றி அறுக்கலாமே என்று மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. 'மாப்ள, கரண்டு எங்கிருந்து வருதுன்னு பாத்தியா?' பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து இழுத்த வயர். நுனியைச் சீவி சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகியிருந்தது. எர்த் கிடையாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, தண்ணீர் தெறிக்கும் மிஷினைக் கையில் பிடித்துக்கொள் என்று நான் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். தூசி பத்து வருஷம் கழித்துக் கொல்லும், கரண்டு இப்போதே கொல்லும். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது ஒரு கணக்கு, சரியான கணக்கு. இதற்கு மேல் சதுர அடிக் கூலி. தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வைத்தால் அவன் சம்பளம் மாமாவின் கூலியிலிருந்துதான் போக வேண்டும். புதுச் சுவரில் சேறு தெறித்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார். தூசியைப் பற்றி யாரும் சத்தம் போட்டதில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும் என்பார்கள்.

2003 வாக்கில் இருமல் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. கொஞ்சம் தேறி, மறுபடி இருமி, மறுபடி மாத்திரை. கூடப்போன எனக்கு டாக்டர் கேட்ட கேள்விகள் நினைவிருக்கின்றன: பீடி உண்டா, குடி உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா. என்ன வேலை என்று கேட்கவில்லை. கேஸ் சீட்டில் 'கூலி' என்று எழுதியிருந்தது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாஸ்ஸினி 1700இல் தொழில்நோய்கள் பற்றி எழுதிய நூலில், ஹிப்போகிரட்டீஸ் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்பதையும் சேர்க்கச் சொன்னார். கல் தச்சர்களின் மூச்சு நோய்க்கும் அதில் இடம் உண்டு. முந்நூறு வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி எங்கள் வரிசைக்கு வந்துசேரவில்லை. 2009இல் மாமா செத்துப்போனார். சிலிக்கோசிஸ் என்று நான் நிரூபிக்க முடியாது. சிலிகா ஏறிய நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அந்த எக்ஸ்ரேயை அத்தை எங்கோ போட்டுவிட்டாள்.

அதிகாரம் உடல்மீது எழுதுகிறது என்று சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படிக்கலாம் என்பதும், படிக்கத் தெரிந்தவர்கள் வேறு எதையோ வாசித்துவிட்டுப் போவார்கள் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மாமா போனபிறகுதான் இந்த ஈரம் - வறட்சி பற்றித் தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது என் அலமாரியிலேயே இருந்த புத்தகம். 1845இல் ஏங்கெல்ஸ் எழுதிய இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை. எண்பதுகளின் இறுதியில் படிப்பு வட்டத்தில் படித்தது, அடிக்கோடெல்லாம் போட்டிருக்கிறேன், வேறு பக்கங்களில். ஷெஃபீல்டு நகரத்துச் சாணைக்காரர்கள் பற்றிய பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அங்கே டாக்டர் நைட் என்பவரை மேற்கோள்காட்டி ஏங்கெல்ஸ் தரும் கணக்கு இது: முள்கரண்டி தீட்டுகிறவர்கள் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் சாகிறார்கள். சவரக்கத்தி தீட்டுகிறவர்கள் பாதி ஈரத்திலும் பாதி வறட்சியிலும் வேலை செய்கிறவர்கள், 40க்கும் 45க்கும் இடையில். மேசைக்கத்தி தீட்டுகிறவர்கள் ஈரச் சாணை, 40க்கும் 50க்கும் இடையில். ஒரே ஊர், ஒரே மணற்கல் சாணை, ஒரே வர்க்கம். வித்தியாசம் தண்ணீர். வர்க்கம் என்று நாம் ஒற்றையாகச் சொன்ன ஒன்றுக்குள்ளே ஓர் ஈரக் கோடு ஓடியிருக்கிறது, அந்தக் கோட்டின் அகலம் பத்துப் பதினைந்து வருஷம்.

அதே பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது. பொடியை உறிஞ்சி அகற்றும் சாதனங்கள் அப்போதே இருந்தன, அவற்றைச் சில இடங்களில் சாணைக்காரர்களே உடைத்தார்கள். வேலை பாதுகாப்பாகிவிட்டால் புது ஆட்கள் நுழைவார்கள், கூலி இறங்கிவிடும் என்ற பயம். சாவு அவர்களுடைய தொழிலுக்குக் காவல் நின்றது. மாமாவின் கரண்டுக் கணக்கும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு.

ரம்பத்தின் கதைக்கு வருவோம். கல்லை அறுப்பது இரும்பு அல்ல என்பது மிகப் பழைய அறிவு. மார்பிளைப் பலகையாக அறுக்கிறபோது உண்மையில் அறுப்பது மணல்தான், இரும்பு அறுப்பதுபோல் தோன்றுகிறது என்பதை ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பல் இல்லாத இரும்புத் தகடு மணலை அழுத்தி இழுக்கும், தண்ணீர் மணலைக் கொண்டுவந்து சேர்த்துப் பொடியைக் கொண்டுபோகும். இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸில் 3ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்றில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் ரம்பத்தின் செதுக்குச் சித்திரம் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் அவுசோனியஸ் என்ற கவிஞர் மோசெல் நதியைப் பற்றிப் பாடியபோது, அதன் கிளையாற்றங்கரையில் மார்பிள் அறுக்கும் ரம்பங்களின் கிறீச்சிடலையும் சேர்த்துக்கொண்டார். ஆக, ரம்பத்தை ஓட்டியதும் தண்ணீர், அறுத்த இடத்தைக் கழுவியதும் தண்ணீர்.

இந்த வேலைப் பிரிவினை அப்படியே நம் வைரப் பிளேடு வரைக்கும் வருகிறது. பிளேடில் பல் கிடையாது. விளிம்பில் உலோகக் கலவைக்குள் வைரத் துகள் புதைந்திருக்கிறது. அது பிளினியின் மணல்தான், இப்போது தகட்டோடு ஒட்டியிருக்கிறது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உண்டாக்கப்பட்டபிறகு, வைரம் கொத்தனார் கைக்கு எட்டும் விலைக்கு இறங்க வழி பிறந்தது. அதே 1954இல் ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் அதிவேகக் கை கிரைண்டரை வெளியே கொண்டுவந்தது. ஒன்று கூர்மை, மற்றது வேகம். வைரத்துக்கு ஒரே ஓர் எதிரி உண்டு: சூடு. சில நூறு டிகிரி தாண்டினால் காற்றில் அது எரிய ஆரம்பிக்கும், பிடித்திருக்கும் கலவையும் இளகும். அதனால்தான் தொட்டி, பம்ப், டியூப்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. தண்ணீர் ரம்பத்துக்குள் வந்தது பிளேடைக் காப்பாற்ற, ஆளைக் காப்பாற்ற அல்ல. மொசைக் மிஷினிலும் அப்படித்தான். நான் மக்கில் ஊற்றிய தண்ணீர் தேய்கல்லுக்கு, மாமாவின் மூச்சுக்கு அல்ல. நுரையீரல் அந்தத் தண்ணீரில் ஓசிப்பங்கு வாங்கிக்கொண்டது. பிளேடுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று ஆன அன்று ஓசியும் போயிற்று. விளிம்பில் வெட்டுகள் விட்டு, காற்றே சூட்டைக் கொண்டுபோகும்படி செய்த 'டிரை' பிளேடுகள் வந்தன. பெட்டிமேல் அதைப் பெருமையாகவே போட்டிருக்கும், தண்ணீர் தேவையில்லை என்று. யாருக்குத் தேவையில்லை என்று போட்டிருக்காது.

ஆளுக்காகவே தண்ணீர் வந்த ஒரு தருணம் உண்டு, அதற்கும் ஒரு முரண்டு வேண்டியிருந்தது. 1890களின் இறுதியில் டென்வரில் ஜான் ஜார்ஜ் லேனர் ஒரு பாறைத் துளைப்பான் செய்தார். உளியின் நடுவே துளை, அதன்வழியே அழுத்தக் காற்று போய்ப் பொடியை வெளியே ஊதிவிடும். வேலை வேகமாகத்தான் நடந்தது. ஊதிய பொடி முழுக்கச் சுரங்கத் தொழிலாளியின் முகத்தில். இதைத் தொட முடியாது என்று ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். லேனர் தன் மிஷின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காற்றோடு தண்ணீரையும் உளிக்குள் விட்டு மாற்றிச் செய்தார். அப்படிப் பிறந்தது ஈரத் துளைப்பான். வறட்டுத் துளைப்பானுக்குச் சுரங்கங்களில் இருந்த பெயர் 'விதவையாக்கி'.

இதை 'கண்டுபிடிப்பு, பிறகு பரவல், பிறகு பாதுகாப்பு' என்று ஏணிப்படியாக அடுக்கிச் சொல்வது தொழில்நுட்ப வரலாற்றின் வழக்கமான கதையாடல். அடுத்த படியைப் பாருங்கள். 1930 ஆகஸ்டில் ஜோகனஸ்பர்கில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிலிக்கோசிஸ் பற்றி மாநாடு கூட்டியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தண்ணீர் விட்டுத் துளைப்பது அதற்குப் பல வருஷம் முன்பே விதியாகியிருந்தது. அதே 1930இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், காலி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை வேலை தொடங்கியது. யூனியன் கார்பைடின் துணை நிறுவனம் ஒன்றின் நீர்மின் திட்டம். மூன்று மைல் மலை, நடுவே ஏறக்குறைய சுத்தமான சிலிகாப் பாறை. வறட்டுத் துளை சீக்கிரம் இறங்கும் என்று தண்ணீரில்லாமல் துளைத்தார்கள். மலைக்குள் இறங்கிய சுமார் மூவாயிரம் பேரில் பெரும்பாலோர் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். பார்வையிட வந்த அதிகாரிகளுக்கு முகமூடி இருந்தது, அவர்களுக்கு இல்லை. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தபோது வந்த கணக்கு 476 சாவு. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986இல் வெளியிட்ட ஆய்வில் அது 764. முரியல் ருகைசர் 1938இல் இதை ஒரு நெடுங்கவிதைத் தொடராக எழுதினார். யூனியன் கார்பைடு என்ற பெயரை நாம் 1984 டிசம்பரில் போபாலில்தான் தெரிந்துகொண்டோம். அதற்கு ஐம்பது வருஷம் முன்பே அது ஒரு மலைக்குள் கேட்டிருக்கிறது.

இந்த நீர்மின் திட்டத்தில் ஓர் ஆற்றையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். உளிக்குத்தான் தண்ணீர் தரவில்லை.

அமெரிக்கத் தொழிலாளர் துறை 1938இல் 'சிலிக்கோசிஸை நிறுத்து' என்று படம் எடுத்துக் காட்டியது. அதே நாட்டில் கட்டுமான வேலைக்கென்று முழுமையான சிலிகா விதி வந்தது 2016இல்: எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம், அதற்கு மேல் கூடாது. அந்த விதியின் அட்டவணையில் முதல் வரிசையிலேயே நம் மச்சான் வாங்கிய மிஷின் இருக்கிறது: நிலையான ரம்பம், பிளேடுக்குத் தொடர்ந்து தண்ணீர் விடும் ஏற்பாட்டோடு இருந்தால் முகமூடிகூட வேண்டாம் என்கிறது. கையில் பிடிக்கிற ரம்பமாக இருந்து வீட்டுக்குள் அறுத்தால் தண்ணீர் விட்டாலும் முகமூடி வேண்டும். மூச்சுக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தைக்கூட அளந்து வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம்? 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்தது. கட்டிக்கொண்டிருக்கும் வீடு தொழிற்சாலை அல்ல. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் வந்தது; மத்தியச் சட்டம் 1996இல். அந்த மத்தியச் சட்டம் சொந்தக் குடியிருப்புக்காகப் பத்து லட்சத்துக்கு மேற்படாத செலவில் வீடு கட்டுகிறவரை நிறுவனம் என்ற வரையறையிலிருந்து விலக்கியது. மாமா வேலை பார்த்த வீடுகளில் பாதி அந்தக் கணக்குக்குள் அடங்கும். நோய் ஒன்றுதான், அது எந்த முகவரியில் வருகிறது என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் கண்ணில் படுகிறது, படாமல் போகிறது. மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய், மூச்சு முட்டி ஊர் திரும்பிச் செத்தார்கள். 2006இல் போட்ட பொதுநல வழக்கில், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் கொடுக்கச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் ஆலைக்குள் வேலை பார்த்தவர்கள், அதனாலேயே எண்ண முடிந்தது. குளியலறை குளியலறையாக, ஊர் ஊராக நகர்ந்து அறுக்கிறவனை யார் எந்தப் பதிவேட்டில் எண்ணுவது?

எண்ணாமல் விடுவது இங்கே மட்டும் நடக்கிற விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். சமையல் மேடைக்கு வந்த செயற்கைக் கல், நம் கடைகளில் 'குவார்ட்ஸ் டாப்' என்று விற்கிறார்களே, அதில் சிலிகா பெரும்பாலும் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். இஸ்ரேலில் 1997 முதல் 2010 வரை ஒரே நுரையீரல் மாற்று மையத்துக்கு அதை வறட்டு வெட்டாக அறுத்த 25 பேர் வந்து சேர்ந்தார்கள் என்பதை அங்குள்ள மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. தண்ணீர் விடு, முகமூடி போடு என்று சொல்லிப் பார்த்து, நடைமுறையில் அது ஆளைக் காக்கவில்லை என்று ஆனபிறகு. ஷெஃபீல்டின் ஈரச் சாணைக்காரனும் ஐம்பதைத் தாண்டவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மச்சான் சொன்னதில் பாதிதான் உண்மை என்றேனே. சாயங்காலம் மிஷினை நிறுத்தியபின் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பால் மாதிரி. ஒரே தண்ணீரைத்தான் பம்ப் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி விடுகிறது. தெளிந்ததும் அடியில் இரண்டு விரல் உயரம் வெள்ளைச் சேறு. காற்றில் போயிருக்க வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. அடிக்கடி தண்ணீரை மாற்றாவிட்டால் தெறிக்கும் திவலையிலும் அது இருக்கும். கரண்டு விஷயத்தை அவன் ஒழுங்காகப் பண்ணியிருந்தான். மூன்று முள் பிளக், எர்த், கசிவு இருந்தால் தட்டிவிடும் சுவிட்சுள்ள ஒரு பெட்டியைச் சொந்தமாகவே சைட்டுக்குத் தூக்கிவருகிறான். 'அப்பாவுக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தா...' என்று ஆரம்பித்துவிட்டு, டியூபைக் கழற்ற ஆரம்பித்தான். மிஷினுக்கு ஆன பணம் முழுக்க வட்டிக்கு வாங்கியது. சதுர அடிக் கூலி பழையபடியேதான். இதில் மெதுவாகப் போக வேண்டியிருப்பதால் ஒரு நாளைக்கு அறை ஒன்றில் கால்வாசி பின்தங்குகிறதாம். வீட்டுக்காரர் அதற்குக் கூடுதலாகத் தர மாட்டார். 'வெட்டு சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டாரு' என்றான்.

மறுநாள் காலையும் போனேன். தெறித்த கூழ் சிமெண்டுத் தரையில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. சித்தாள் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். நேற்று முழுதும் தண்ணீர் பிடித்து வைத்திருந்த அத்தனையும் இடுப்பு உயரத்துக்கு எழுந்து ஜன்னல் வெயிலில் மினுங்கியது. முந்தானையை மூக்கில் செருகியிருந்தார். மிஷின் வாங்கியபோது நாங்கள் யாரும் இவரை நினைக்கவில்லை.

'யம்மா, கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டுக் கூட்டலாமே?' என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். 'ஏன் தம்பி, எங்க வீட்டு வாசல்ல நான் தெளிக்காமயா கூட்டுறேன்? இங்க லாரித் தண்ணி. ஒரு பக்கெட் எடுத்தாலும் அந்த வாட்ச்மேன் கணக்குக் கேக்குறாரு.'

மச்சான் தொட்டியில் ஊற்ற வைத்திருந்த இரண்டு பக்கெட்டில் ஒன்றைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்தான். அவர் உள்ளங்கையைக் குவித்து, வாசலுக்குத் தெளிக்கிற மாதிரியே தெளித்தார்.